கிரென்ட்டின் வயிறு

புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு
கடைசிச் சரக்குப் படகைக் கடக்கவிட்டுப்
பாலத்தை இறக்குவேன்.
மணி ஓயும். சிவப்பு விளக்கு அணையும்.
குரோனிங்கன் நகரத்துச் சைக்கிள்கள் எல்லாம்
என்னைத் திட்டிக்கொண்டே கலைந்த பிறகு
மறுகரையிலிருந்து யெல்மர் வருவான்,
கக்கத்தில் நாய்க்குட்டி, தோளில் அதன் பை.
பேச்சு கிடையாது.
ரசீது கிழித்துக் கொடுப்பதுபோல் ஒரு தலையசைப்பு.

பிரிந்தபோது நியாயமாகத்தான் பிரித்தோம்:
நாற்காலி மூன்று மூன்று,
கடன் பாதி,
காபி இயந்திரம் அவனுக்கு, அதன் சத்தம் இல்லாத காலைகள் எனக்கு.
கடைசி மாதத்தில், காயத்துக்குத் துணி சுற்றுவதுபோல,
வாங்கிவந்த குட்டியை மட்டும் வெட்ட முடியவில்லை.
வாரத்தை வெட்டினோம்.

என் கரையில் மூட்டைத் தீனி,
பழுப்பு உருண்டைகள், அளவுக் கோப்பை.
அவன் கரையில் பச்சை இறைச்சி:
எலும்போடு அரைத்த கோழி,
வெளுக்காத மாட்டு இரைப்பை,
உறைபெட்டியில் தேதியிட்ட பொட்டலங்கள்.
"ஓநாயின் வயிறு இது" என்பான்.
ஓநாய் புதன்தோறும் வீடு மாறுவதில்லை
என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பது
இரண்டு கால் உள்ளவர்களுக்கு.
கிரென்ட்டுக்கு நாலு.

முதலில் வியாழன் காலைகள் கெட்டன.
பிறகு இரவுகள்.
மூன்று மணிக்கு, மேலங்கிக்குள் இரவு உடையோடு,
ஈரப் புல்லில் கைவிளக்குப் பிடித்து நிற்பேன்.
ஒருநாள் கஞ்சித் தண்ணீர்.
ஒருநாள் சளி பூசிய நூல்.
எலும்பு கூடிப்போன வாரத்தில்
சுண்ணாம்புக் கட்டி, முக்கலும் முனகலுமாக.
முடிந்ததும் அது என்னை நிமிர்ந்து பார்க்கும்,
மன்னிப்புக் கேட்பதுபோல.

"உன் இறைச்சி" என்று எழுதினேன்.
"உன் மாவு" என்று எழுதினான்.
அந்த மாதத்துக் கடிதப் போக்குவரத்து
அவ்வளவுதான்.

மருத்துவர் ஊஸ்டர்ஹோஃப்
நகம் கடித்த விரல்களால் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.
இடையில் ஒரு காலி நாற்காலி விட்டு நாங்கள்.
"புழு இல்லை. கிருமியும் இல்லை.
புதுச் சாப்பாட்டைக் கற்றுக்கொள்ளக்
குடலுக்குப் பத்து நாளாவது வேண்டும்.
நீங்கள் பாதி வாரத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் மாற்றுகிறீர்கள்.
எதை வேண்டுமானாலும் கொடுங்கள்,
ஒரே சமையலறையில்."

தராசு ஏழு கிலோ முந்நூறு காட்டியது.
போன முறை எட்டு.
இருவரும் அந்த எண்ணைப் பார்த்தோம்,
ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டாம் என்பதற்காக.

மறுநாள் என் வாசற்படியில் ஒரு குளிர்ப்பெட்டி.
மேலே அவன் கோணல் கையெழுத்து:
*உன்னிடமே இருக்கட்டும். முதலில் வேகவைத்த கோழி, சோறு.
மூன்றாம் நாள் ஒரு தேக்கரண்டி. பொறுமை.*
குட்டியை அவன் விட்டுக்கொடுத்தான்,
மூட்டையை நான்.
யாருக்கு நஷ்டம் என்று கணக்குப் பார்க்கவில்லை;
பலகையைச் சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்க்கவும்,
இரைப்பை நாற்றத்துக்கு மூச்சுப் பிடிக்கவும் பழகினேன்.

ஐந்தாம் நாள் அவசரப்பட்டு இரண்டு கரண்டி.
மூன்று மணி. புல். கைவிளக்கு.
முதல் மணியிலேயே எடுத்தான்.
"ஒன்றுக்குத் திரும்பு" என்றான், தூக்கம் கலையாத குரலில்.
வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.
கிரென்ட் புல் கடிக்கும் சத்தத்தை
இரண்டு கரையிலும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பதினான்காம் நாள், பனி பூத்த புல்லின்மேல்
கருஞ்சாக்லேட் நிறத்தில், கெட்டியாக, ஆவி பறக்க!
படம் பிடித்து அனுப்பினேன்.
"அழகு" என்று பதில் வந்தது.
ஏழு வருடத்தில் அந்தச் சொல்லை
ஒரு படகுக்கும் ஒரு கூரைக்கும் சொல்லியிருக்கிறான்.

புதன், ஆறு மணி.
பாலம் இறங்கியது.
வெறுங்கையோடு வந்தான்.
இரும்பும் தாரும் சேரும் கோட்டில்,
சரியாக நட்டநடுவில்,
கிரென்ட் குந்தியது.
இருவர் கையும் ஒரே நேரத்தில்
சட்டைப்பைக்குள் போயின.

"கொஞ்சம் இளக்கம்" என்றான், குனிந்து பார்த்து.
"குளிர்" என்றேன்.