முப்பத்தெட்டு கிலோ

லாரி அரிசி இறக்கிவிட்டுப் போனபின்
யாரும் பார்க்காத நேரத்தில் தராசில் ஏறினேன்.
முப்பத்தெட்டு கிலோ நானூறு.
கோட்டையூர் ரேஷன் கடையில்
பதினாறு வருஷமாய் எடை போடுகிறேன்.
சரக்கில் இவ்வளவு குறைந்திருந்தால்
மெமோ வந்திருக்கும்.

ஆறு மாத மாத்திரை.
சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போன ஆறு மாதம்.
சளியில் கிருமி இல்லையென்று
காரைக்குடி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள்.
வரிசையில் நின்றவர் எவரும்
அந்தச் சீட்டை வாசிக்கவில்லை.
கைரேகை எந்திரத்தை முந்தானையால் துடைத்துவிட்டே
கட்டைவிரல் வைத்தார்கள்.
வீட்டில் என் தட்டின் அடியில்
மகன் வைத்த நெயில் பாலிஷ் பொட்டு.
தப்புச் சொல்ல மாட்டேன்,
நானும் அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் எடுத்தேன்.

பாமாயில் கொடுக்கும்போது ஒருநாள்
கண் இருட்டிச் சரிந்தேன். நெற்றியில் மூன்று தையல்.
அன்று முகத்தில் தண்ணீர் தெளித்தவள் ரெஜினா,
இருபத்தாறு வயது, பள்ளியில் பி.டி. டீச்சர்.
"அக்கா, விழுறதுக்கு ஒரு முறை இருக்கு.
சனி, ஞாயிறு வாங்க."
எழுந்திருக்கச் சொல்ல
டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தாள், மாமியார் இருந்தார்.
விழச் சொல்லித் தருகிறேன் என்று
வந்தவள் இவள் ஒருத்தி.
ஜூடோ என்றாள்.
எனக்கு அது இன்னொரு மாத்திரையின் பெயர்போல் கேட்டது.

கானாடுகாத்தான் போகிற வழியில் ஒரு பெரிய வீடு.
சொந்தக்காரர்கள் மெல்போர்னில்.
நானூறு இலை விழும் பந்திக் கூடத்தில் நீல மெத்தை.
சாவி வைத்திருக்கும் சாத்தையா அண்ணன்
பீடியைக் காதில் செருகிக்கொண்டு
நான் விழுவதை எண்ணுவார்.
முதல் நாள் அறுபத்தொன்று.

மூன்று வாரம் விழுந்தேன், வேறொன்றுமில்லை.
தாடையை நெஞ்சோடு ஒட்டு.
கையால் தரையை அறை.
அறைகிற கை வாங்கிக்கொள்ளும்,
முதுகுக்குப் போகாது.
நாற்பத்தேழு வயதில்
சுடிதாரின் மேல் தடித்த வெள்ளைச் சட்டை,
சுற்றிலும் மூக்கொழுகும் பிள்ளைகள்.
இருமல் வந்தால் வெளியே ஓடிக் கிணற்றடியில் இருமிவிட்டு வந்தேன்.
யாரும் போகச் சொல்லவில்லை. பழக்கம்.

நாலாவது வாரம் ஜோடி பிரித்தாள்.
ஜூடோவில் எடைக்கு எடை.
எனக்கு வாய்த்தவள் ஏழாம் வகுப்பு யாழினி, முப்பத்தொன்பது கிலோ.
அவள் வீட்டு அட்டை எனக்குத் தெரியும்:
நாலு உருப்படி, சர்க்கரை இரண்டு கிலோ,
அப்பா ராத்திரியில்தான் வாங்க வருவார்.

"சட்டையைப் பிடி," என்றாள் ரெஜினா.
யாழினி பிடித்தாள்.
ஒரு கை என் கழுத்துப் பட்டியில்,
ஒரு கை முழங்கைக்குக் கீழே.
அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது, மாங்காய் வாசனையோடு.
நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
"அத்தை, இங்க பாருங்க, இல்லாட்டி
தூக்க முடியாது."

ஒன்பது மாதமாக
ஊசி போடாமல், ரத்தம் எடுக்காமல்
என்னைத் தொட்ட முதல் கை.
பார்த்தேன்.
தூக்கினாள்.
கூரையின் தேக்கு உத்தரங்கள் ஒரு சுற்றுச் சுற்றின,
அறைந்தேன்,
கூடம் முழுக்க அந்தச் சத்தம்.
"வலிக்குதா அத்தை?"
வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று
தலையை மட்டும் ஆட்டினேன்.
சாத்தையா அண்ணன் எண்ண மறந்துபோனார்.

இப்போது நாற்பத்துமூன்று.
மாடி ஏறினால் இன்னும் இழைக்கிறது.
யாழினியை இதுவரை ஒருமுறைகூடத் தூக்கவில்லை,
அவளும் வளர்ந்துகொண்டே போகிறாள்.

போன செவ்வாய்க்கிழமை கடையில்
பாமாயில் பாக்கெட் ஒன்று கசிந்திருந்தது.
கால் வழுக்கியது.
நான் நினைக்கும் முன்பே தாடை ஒட்டியது,
கை தரையை அறைந்தது,
அரிசித் தூசி புகையாய் எழுந்தது.
வரிசை முழுதும் ஓரடி பின்வாங்கிற்று.

எந்திரத்தைத் துடைப்பவர்களில் முதல் ஆளான
நாச்சியப்பன் கை நீட்டினார்.
விரலைப் பிடிக்கவில்லை நான்.
சட்டைக் கையைப் பிடித்தேன்,
முழங்கைக்குக் கீழே, ரெஜினா காட்டிய இடத்தில்.
மனிதர் லேசாக ஆடிப்போனார்.

"பயப்படாதீங்கண்ணே," என்றேன்.
"எறியறது இன்னும் வரலை.
அட்டையைக் குடுங்க."