இருபத்தெட்டுப் பாயிண்ட்

உடையாப்பட்டியில் தகரக்கூரைச் சபைக்குப் பின்னால்
ஒரு சிமெண்டுத் தொட்டி.
மாடுகளுக்குக் கட்டினதை விலைக்கு வாங்கினார்களாம்.
ஞாயிறு மாலை அதில் என்னை முக்கி எடுத்தார் போதகர்.
இறங்கும்போது செங்கோடன்.
ஏறும்போது தீத்து.
மூக்கில் ஏறிய தண்ணீரால்
அல்லேலூயாவுக்கு நடுவே தும்மினேன்.

பாவாயி துண்டை மட்டும் நீட்டினாள்.
"ரேஷன் கார்டுல எந்தப் பேரு?"
ஆடிக்கு அவள் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவாள்.
குடத்தை நான்தான் தூக்குவேன் என்று சொல்லியிருக்கிறேன்.
அது சரியா தப்பா
போதகரிடம் இன்னும் கேட்கவில்லை.

திங்கள் காலை ஏழு மணி, சேகோ ஆலை.
எத்தனை சோப்புக்கும் போகாத புளித்த மாவு வாடை
ஞானஸ்நானத்திலும் போகவில்லை.
என் வேலை கிழங்குக்குப் பாயிண்ட் பார்ப்பது.
லாரியிலிருந்து கூடை நிறையச் சாம்பிள் எடுத்துத்
தராசுக் கொக்கியில் மாட்டித்
தண்ணீருக்குள் இறக்குவேன்.
மாவு கூடின கிழங்கு நீருக்குள்ளும் கனக்கும், முள் ஏறும்.
கம்மியானது மிதக்கப் பார்க்கும்.
பதினொரு வருசம் இதையே செய்தவனுக்கு
நேற்று தொட்டிக்குள் கிடந்தபோது
என் முள் எங்கே நின்றிருக்கும் என்று
கேட்கத் தோன்றியது இன்றைக்குத்தான்.

முள் காட்டுவது ஒன்று, என் வாய் சொல்வது ஒன்று.
கூடைக் கம்பி தொட்டி விளிம்பில் லேசாய் உரசினால் போதும்
இருபத்தெட்டு இருபத்தாறாகிவிடும்,
குனிந்து பார்த்தவனும் நம்புவான்.
லோடுக்கு ரெண்டு பாயிண்ட்.
யார் வீட்டிலும் உலை அணைந்து நான் பார்த்ததில்லை.
பார்க்கிற தூரத்தில் யார் வீடும் இல்லை.

முதல் லோடு குப்பனூர்ச் சடையனுடையது.
சேர்வராயன் அடிவாரத்து மேட்டுக்காடு, மானாவாரி.
கூடை இறங்கியது. முள் ஆடி நின்றது.
கம்பியை விளிம்பிலிருந்து விலக்கிப் பிடித்தேன்.
நாலு விரற்கடைதான்.
அதற்குள் கை வெலவெலத்துப் போனது.
"இருபத்தெட்டு."

டிரைவர் என்னைப் பார்த்தான்.
கணக்குப்பிள்ளை பேனாவைத் தூக்கியபடியே இருந்தார்.
முதலாளி வந்தார். கெட்டவர் இல்லை,
பாவாயியின் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு
வட்டியில்லாமல் இருபதாயிரம் கொடுத்தவர்.
"ஏப்பா, சாமி மாறினா முள்ளுமா மாறும்?"
முள்ளு மாறலீங்க என்றேன்.
அதற்குமேல் சொல்ல
ஒரு வசனம்கூட ஞாபகம் வரவில்லை.

இப்போது தோலுரிக்கும் பக்கம் இருக்கிறேன்.
கூலி பாதி. அதிலும் அட்வான்ஸுக்குப் பிடித்தம்.
"தீத்து, சீக்கிரம் இந்தக் குமியத் தீத்து!"
பெண்கள் சிரிக்கிறார்கள், நானும்.
அந்தப் பேர் அப்படித்தான் காதுக்குப் பழகியது.

பழைய சீட்டுகளை
காலண்டர் தாளின் முதுகில் கூட்டிப் பார்த்தேன்.
எல்லாருக்கும் கொடுக்க என் ஆயுசு போதாது.
சடையனிலிருந்து ஆரம்பித்தேன்:
ஆறு வருசம், பதினாலு லோடு.

பஸ்ஸிலிருந்து இறங்கி, செக்போஸ்ட் தாண்டி நடந்தேன்.
விதைக்குச்சி வெட்டிக்கொண்டிருந்தார்.
சொன்னேன்.
அரிவாள் நிற்கவில்லை.
கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.
ஆயிரத்து எழுநூறை எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணினார்.
"அந்த வருசந்தான் எம்புள்ள படிப்ப நிறுத்துனேன்"
என்றார், என்னிடம் இல்லை,
குச்சியிடம்.

பிறகு அந்த மகளையே கூப்பிட்டு
நோட்டு கொண்டுவரச் சொன்னார்.
எட்டாவதோடு நின்றவள், எழுத்து முத்து முத்தாய் இருந்தது.
"பேரு?"
தீத்து.
பேனா நின்றது.
"இன்னும் தீக்கலீங்களே" என்றாள்.

பாக்கி பன்னிரண்டாயிரத்து முந்நூறு.
கீழே கையெழுத்துப் போட்டேன்,
புதுப் பேரில் முதல்முறையாக.
எழுத்து கோணலாய் விழுந்தது.