திருப்பிப் போட்ட பனி

ஐலியின் தளத்தில் கிடந்த பனியை
வாரித் தள்ளியவன் நான்தான்.
ஜனவரி பதினாறு, விடிகாலை ஐந்து,
மைனஸ் முப்பத்தொன்று.
யாரும் கேட்கவில்லை.
டிராக்டர் சூடாகியிருந்தது, எனக்குத் தூக்கமில்லை.
அண்டைவீட்டுக்காரனுக்கு வேறென்ன காரணம் வேண்டும்?

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள் அவள்.
ஆகஸ்ட் முழுக்க இரவுப் பணி முடித்து வந்து
பகலில் மண்ணோடு மல்லுக்கட்டினாள்.
குஹ்மோவில் எங்கள் பக்கத்து மண் மாவுபோன்ற வண்டல்,
விளக்குத் திரிபோல ஈரத்தை மேலே ஏற்றும்.
மேலே குளிர் காத்திருக்கும்.
நீர் உறையும்; உறைந்தது இன்னும் நீரைக் கேட்கும்;
வில்லை வில்லையாய்த் தடித்து
ஒரு வீட்டைத் தூக்கிவிடும்,
சத்தமே இல்லாமல்.
என் களஞ்சியக் கதவு மார்ச்சில் மூடாது,
ஜூனில் மூடும்.
அதற்குமேல் விளக்கம் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

ஐலிக்குத் தேவைப்பட்டது.
வண்டலை வெட்டி எடுத்து
முழங்கால் ஆழத்துக்குச் சரளை கொட்டினாள்,
சலித்துக் கழுவிய சரளை.
"தண்ணீருக்கு இதில் ஏணி கிடையாது."
அதன்மேல் இளநீல நுரைப்பலகை, இரண்டு அடுக்கு,
இணைப்பின்மேல் இணைப்பு விழாதபடி.
சுவர் வரவேண்டிய கோட்டையும் தாண்டி
தோட்டத்து மண்ணுக்கடியில்
ஒன்றேகால் மீட்டர் அகலத்துக்கு
அதையே விரித்துக்கொண்டு போனாள்,
மூலைகளில் இன்னும் தடிப்பாக.
"வீட்டுக்கு வெளியே எதற்கு மெத்தை?"
"இது வீட்டுக்கில்லை, மண்ணுக்கு.
கோடையில் சேர்த்த சூடு அதனிடம் கொஞ்சம் இருக்கிறது.
செலவாகாமல் பார்த்துக்கொள்கிறேன்.
மூலையென்றால் இரண்டு பக்கமும் செலவு."
புரிந்ததுபோல் தலையாட்டினேன்.

செப்டம்பரில் கான்கிரீட் ஊற்றினார்கள்.
ரசமட்டத்தின் குமிழி நடுவில் நின்று அசையவில்லை.
அக்டோபரில்
சுவர்களைச் செய்யவேண்டிய தொழிற்சாலை திவாலானது.
முன்பணம் போனது. கூரை போனது.
சூடான வீட்டுக்கென்று கணக்கிட்ட தளம்
வீடே இல்லாமல் குளிர்காலத்துக்குள் நுழைந்தது.

தளத்துக்குள் ஓடிய குழாய்களின் நீரை
காற்றடித்து வெளியேற்றினாள்.
வைக்கோல், தார்ப்பாய், மேலே பழைய டயர்கள்.
பக்கத்தில் ஒரு கேரவன், அதில் அவளும் ஒரு கெட்டிலும்.
மீதியைப் பனி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டாள்.
அதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை.

வடகிழக்கு மூலையில் தொடங்கினேன்.
தார்ப்பாய் பளபளக்கும்வரை,
சுற்றிலும் மூன்று மீட்டர் காய்ந்த புல் தெரியும்வரை.
பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.
கேரவன் கதவு திறந்தது.
இரவு உடைமேல் கோட்டு,
ஜோடி சேராத பூட்ஸ்.
"திருப்பிப் போடு!"
"எதை?"
"பனியை!"

அறுபத்திரண்டு வயதில் முதன்முறையாக
பனியைத் திருப்பிக் கொடுத்தேன்.
டிராக்டர் தள்ளினால் இறுகிவிடும்,
உள்ளே காற்று தங்காது என்று
கையில் மண்வெட்டியைத் திணித்தாள்.
மாவு சலிக்கிறவர்கள் மாதிரி
தூவித் தூவிப் போட்டோம், மதியம்வரை.
இமையெல்லாம் உறைபனி. பேச்சில்லை.

தளத்தினடியில் அவள் செருகியிருந்த உணரி
அன்று ஒன்று புள்ளி நான்கு காட்டியது.
ஒரு வாரத்தில் பூஜ்யம் புள்ளி ஆறு.
தினமும் காலையில் போய் எட்டிப் பார்த்தேன்,
ஆஸ்பத்திரியில் கிடக்கும் உறவினரைப் பார்ப்பதுபோல்.
புள்ளி மூன்று.
புள்ளி இரண்டு.
பிறகு அங்கேயே நின்றது,
உள்ளே வரலாமா என்று யோசிக்கும் பூனைபோல்,
பிப்ரவரி முழுக்க.

மே மாதம் ரசமட்டத்தை மறுபடி வைத்தாள்.
மூன்று மூலைகளில் குமிழி நடுவில்.
வடகிழக்கில் மட்டும் மயிரிழை விலகல்.
"முன்பே அப்படித்தானோ?" என்றேன்.
பதில் சொல்லாமல் பென்சிலை எடுத்துக்
கான்கிரீட்டில் ஏதோ எழுதினாள்.
இப்போது அதன்மேல் மரத்தரை.

சுவர்கள் வேறிடத்திலிருந்து வந்து
இது நான்காவது குளிர்காலம்.
சாலைப் பனியை ஒதுக்கிக்கொண்டு போகிறவன்
அவள் வேலி வந்ததும்
பனிவாரியின் அலகைத் தூக்கிக்கொள்கிறேன்.
உள்ளே அடுப்பு எரிகிறது, இனி பயமில்லை,
வாசலையாவது வழித்துவிட்டுப் போயேன் என்று
அவளே சொல்லிவிட்டாள்.

இருந்தாலும்.