கடிகாரத்தைப் பார்த்தேன்

அலோய்ஸி,
நீங்கள் இரண்டாவது அடைப்புக் கதவைத் தாண்டியிருந்தீர்கள்.
முகமூடிக்குள் உங்கள் மூச்சு மட்டும்
உங்களுக்குக் கேட்டது.
புகைக்குள் எர்வினின் பூட்ஸ். ஒன்று மட்டும்.
அப்போது நான்
கடிகாரத்தைப் பார்த்தேன்.

கண்ணிமைக்கும் நேரம்தான்.
பாதி வாக்கியத்தில் நிறுத்தினீர்கள்.
"மீதி பெரிதாக ஒன்றுமில்லை" என்றீர்கள்.
கையுறைகளை எடுத்து, நன்றி சொல்லி,
கதவை மிக மெதுவாகச் சாத்தினீர்கள்.
அறைந்து சாத்தியிருக்கலாம்.

அடுத்த வியாழன் வரவில்லை.
அதற்கடுத்த வியாழன் இருபது நிமிடம் தாமதம்.
டிராம் என்றீர்கள்.
டிராம் என் ஜன்னலுக்குக் கீழேதான் போகிறது.
நேரத்துக்குப் போயிற்று.

ஸாப்ஷேயில் எங்கள் கட்டடம் கிழக்கே சாய்ந்திருக்கிறது.
அடியில் இருந்ததை எல்லாம் நூறு வருடமாக அள்ளியாயிற்று;
மேலே இருப்பது கொஞ்சங்கொஞ்சமாக இறங்குகிறது.
மேஜையில் பென்சில் வைத்தால் உருண்டு உங்கள் பக்கம் வரும்.
கடிகாரத்தின் ஒரு காலுக்கடியில் மடித்த காகிதம்.
உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு விரிசல்,
அதன் குறுக்கே பொறியாளர் ஒட்டிவிட்டுப்போன
கண்ணாடிப் பட்டை, மேலே தேதி.
விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.
உடைந்ததை எடுக்காமல் பக்கத்திலேயே புதிதாக ஒன்று ஒட்டுவார்.
மேலே பூச்சு பூசி மறைத்துவிடாதீர்கள்
என்பது மட்டும் அவருடைய கண்டிப்பு.

பனியைப் பற்றிப் பேசினோம்.
ஓய்வூதியப் படிவத்தைப் பற்றிப் பேசினோம்.
எல்லாவற்றுக்கும் "சரி" என்றீர்கள்.
அந்தச் "சரி"யில் கால் வைத்தால்
உள்ளே போய்விடும் என்று தெரிந்தது.

"அன்றைக்கு நான் கடிகாரத்தைப் பார்த்தேன்" என்றேன்.
"பார்த்தால் என்ன. உங்கள் வேலை."

ரேடியேட்டரின் மேல் கையுறைகளிலிருந்து ஆவி எழுந்தது.
பிறகு, ஜன்னலிடம் சொல்வதுபோல:
"நானும் பார்த்தேன். கீழே. காற்றுமானியை.
திரும்பும் வழிக்கு மட்டும் இருந்தது.
அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

இங்கேதான் இரண்டாவது தப்பைச் செய்தேன்.
படித்த புத்தி முந்திக்கொண்டது.
"அப்படியானால் இந்தக் கோபம்
உங்கள் மேலேயே உள்ள கோபமாக இருக்குமோ?"
அழகான கேள்வி.
பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கும்.

"இல்லை."
எட்டு மாதத்தில் முதல்முறையாக உங்கள் குரல் உயர்ந்தது.
"என் மேல் உள்ளது தனி. அது எங்கேயும் போகாது.
இது உங்கள் மேல்."

எனக்குக் காது சுட்டது.
கைவசம் ஒரு சாக்கு இருந்தது:
வெளியே அடுத்தவர் காத்திருந்தார் என்று.
காத்திருந்தது உண்மை.
அதற்காகப் பார்க்கவில்லை.

"அந்தப் பூட்ஸுக்கு அப்பால்
என்னால் உங்களோடு வர முடியவில்லை" என்றேன்.
"நேரம் முடிந்துவிடாதா என்று பார்த்தேன்.
உங்களை அங்கேயே விட்டுவிட்டு
நான் மேலே ஏறிவிட்டேன். மன்னியுங்கள்."

அதை வாங்கி எங்கே வைப்பதென்று
தெரியாதவர்போல் உட்கார்ந்திருந்தீர்கள்.
பிறகு எழுந்து அலமாரிக்குப் போனீர்கள்.
கடிகாரத்தை எடுத்தீர்கள், மடித்த காகிதத்தையும் சேர்த்து.
இருவருக்கும் தெரிகிற மாதிரி ஜன்னல் விளிம்பில் வைத்து
விரலால் ஒருமுறை அசைத்துப் பார்த்தீர்கள்,
கூரைக்கு முட்டுக் கொடுத்த கட்டையைச் சோதிப்பதுபோல.

"எவ்வளவு இருக்கிறது?"
"ஒன்பது நிமிடம்."
"எர்வினுக்குப் போதாது. அடுத்த வாரம்."

ஒன்பது நிமிடமும் உங்கள் புறாவைப் பற்றிப் பேசினீர்கள்.
மாக்டெபர்க்கில் பறக்கவிட்டது,
நான்கு நாள் கழித்து, இறகு கிழிந்து,
பந்தயக் கணக்கில் சேராத நேரத்தில் வந்து இறங்கிற்று.
"என்ன செய்தீர்கள்?"
"என்ன செய்வார்கள். தண்ணீர் வைத்தேன்."

அடுத்த வியாழன் ஐந்து நிமிடம் தாமதம்.
டிராம் என்றீர்கள்.
இருக்கலாம்.