நான்கு துளைகள்

லோவலில் நாங்கள் குடிவந்த வீடு
ஒரு காலத்தில் நெசவாலை. மூன்றாம் தளம்.
செங்கல் சுவரையும் ஆளுயர ஜன்னலையும்
விளம்பரத்தில் புகழ்ந்திருந்தார்கள்.
தரையில் தறியை முடுக்கியிருந்த நான்கு துளைகளைப் பற்றி
ஒரு வார்த்தை இல்லை.

சோபாவை இழுத்துப் போட்டு
இரண்டை மறைத்துவிட்டோம்.
மூன்றாவதில் மகள் பட்டாணி போடுகிறாள்.
நான்காவதைச் சுற்றி எண்ணெய்க் கறை:
எலுமிச்சை, சோடா உப்பு, என் முழங்கால் வலி
எதற்கும் அசையவில்லை.

இங்கேதான் அவள் நின்றிருக்க வேண்டும்.
பெயரில்லாமல் ஒருத்தியை நினைக்க எனக்கு வராது.
மெஹிட்டபெல் என்று வைத்தேன்.
வெர்மான்ட் மலைப்பண்ணை, ஏழில் நான்காவது.

அங்கே பொழுது பசுவின் மடியில் இருந்தது.
மடி கனத்தால் விடியல்.
இங்கே நாலரைக்கு மணி,
கதவடைக்க இன்னொரு மணி,
சூப்பை ஊதிக் குடிக்க விடாத மணி.
ஆலைக் கடிகாரம் மாலையில் மட்டும் நொண்டுகிறது
என்று பெண்களுக்குள் பேச்சு.
சரிபார்க்க ஒருத்தியிடமும் கடிகாரமில்லை.

ஈரம் குறைந்தால் நூல் அறும் என்று
ஆணியடித்து மூடிய ஜன்னல்கள்.
இன்று அதே ஜன்னலுக்குத்தான்
வாடகையில் நூறு டாலர் கூடுதல்.
இரைச்சலில் பேச்சு கேட்காது, உதட்டைப் படித்தார்கள்.
நாடாவின் கண்ணில் வாய் வைத்து
ஊடை நூலை உறிஞ்சி இழுப்பாள்,
நாளுக்கு நூறு முறை.
முத்தம் என்று அதற்குப் பெயர் வைத்துச் சிரித்தார்கள்,
இருமிக்கொண்டே.

ஆனாலும் சம்பள நாளில் கையில் விழுந்த வெள்ளி
அவளுடையது, அப்பன் பெயரில் இல்லை.
பச்சைத் தோலில் காலணி வாங்கினாள்.
ஒருமுறை ஊருக்குப் போனவள்
அந்த அமைதியில் தூக்கம் வராமல்
ஒரே வாரத்தில் ஓடிவந்துவிட்டாள்.
இதற்கு என்ன பெயர் வைப்பது, தெரியவில்லை.

ஒருநாள் அவள் தறியில் சொரசொரப்பான துணி.
சாயமில்லை, பூவில்லை, சாக்குபோல.
யாருக்கு, என்றாள்.
பருத்தி வரும் தோட்டத்துக்கே திரும்பிப் போகிறது,
அதைப் பறிக்கும் அடிமைகளுக்கு,
என்றான் மேற்பார்வையாளன்,
மழை வரும் என்பதுபோல.
உதட்டைத் தவறாகப் படித்துவிட்டோமோ
என்று ஒரு கணம் ஆசைப்பட்டாள்.
அதற்குள் நாடா தீர்ந்தது.
குனிந்து வாய் வைத்தாள்.
உப்புக் கரித்தது.

நேற்றுக் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி
ஒரு கிண்ணத்தை நீட்டினார்:
அவர் கூரையிலிருந்து உதிர்ந்த பதினோரு பட்டாணி,
ஒவ்வொன்றிலும் பழைய பஞ்சு.
மகள் ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோக,
பிடுங்கினேன்.