பதினோரு எலிகள்

புந்தா அரேனாஸில்
காற்று கதவைப் பிடுங்கும் நேரம்.
நண்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்த மிலென்கா
கையுறை கழற்றப் பொறுமையின்றி
மூக்கு நுனியால் திரையைத் தொடுகிறாள்.

இருபத்தாறு செய்தியோடைகள்.
காபி இதயத்துக்கு நல்லது;
போன செவ்வாய் வரை கெட்டது.
எங்கோ ஒரு கோளில் கண்ணாடி மழை.
ஓசோன் ஓட்டை இன்று அவள் கூரைக்கு மேலேதான்,
அதையும் வேறெங்கோ இருப்பவர்கள்தான்
சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லாம் நுங்கும் நுரையுமாய் ஓட,
ஒன்று மட்டும் வறண்டு கிடக்கும்:
டாவோரின் நோய்ப் பெயரை இட்டு
அவளே வெட்டிய ஓடை.
உலகத்தில் நானூறு பேருக்கு வரும் நோய்,
யார் எழுதுவார்கள்?
எதிரே பூஜ்யம்.
பதினான்கு மாதமாகப் பூஜ்யம்.

இன்று, ஒன்று.

கையுறைகள் தரையில்.
படிக்கிறாள். மறுபடியும்.
ஏதோ ஒரு ஆய்வுக்கூடத்தில்
பதினோரு எலிகள்
எழுந்து நடந்திருக்கின்றன.
மனிதர்களுக்கு இன்னும் காலமாகும் என்கிறது கடைசி வரி,
எல்லாக் கடைசி வரிகளையும் போல.

உள்ளறையில் சக்கர நாற்காலி கிறீச்சிடுகிறது.
"என்ன அங்கே?"
"ஒன்றுமில்லை. எலி."
"பொறி வைக்கலாமா?"
"வேண்டாம் டாவோர்,
ஓடட்டும்."