கம்பெனியில் மூடினது

பத்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்தேன்.
சூடேறினால்தான் இறங்கும் கியர் ஆயில்,
கோபம் வந்தால் மட்டும் வாய் திறக்கிற
என் கொழுந்தனைப் போல.

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு
டிராக்டருக்கு அடியில் சாக்கை விரித்தேன்.
ஸ்பேனரில் குழாயைச் சொருகி
ஒரு இழுப்பு.
பிளக்கு கையோடு வந்தது, பின்னாலேயே
பால் ஊற்றின டீ.

மூன்று போகம் தென்கரையில் தொளி கலக்கியதில்
எந்தச் சந்தில் நுழைந்ததோ தண்ணீர்,
வாடகை இல்லாமல் குடியிருந்திருக்கிறது.
அறுத்த நீல டிரம்மில் முக்கால்வாசி நிறைந்தது.
காந்தத்தில் இரும்புத்தூள் மீசை.
விரலில் வழித்துப் பார்த்தேன்.
உடைந்த பல் எதுவும் இல்லை.
அந்த மட்டும் சரி.

விற்கிற அன்று செக்கானூரணி ஒச்சுக்காளை
கோயில் இருந்த திசைக்குக் கையை நீட்டினார்:
"கியர்பாக்ஸ் கம்பெனியில மூடினது தாயீ.
இன்னைவரைக்கும் ஒரு கை பட்டதில்ல."

பக்க மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி
பழைய கேஸ்கெட்டை பிளேடால் சுரண்டினேன்.
உரிந்து வந்தது
காலண்டர் அட்டை.
எண்ணெய் குடித்துக் கறுத்த வளைவில்
பாதி நகைக்கடை, தெற்கு மாசி வீதி,
ராகுகாலம் திங்கள் 7.30 – 9.

இன்றைக்குத் திங்கள்.
மணி எட்டே கால்.

சிரித்ததில் தலை சேஸில் இடித்தது.

பில்டரை உருவினால்
சல்லடை முழுக்கச் செம்மண்.
எங்கள் பக்கத்தில் இல்லாத நிறம்.

புது பில்டர் பொருந்தியது.
தெற்கு வெளி வீதிக் கடைக்காரர்
"கண்ணை மூடிட்டு மாட்டுங்க" என்று கொடுத்த கேஸ்கெட்டில்
ஒரு ஓட்டை அரை விரல் தள்ளி இருந்தது.
திரும்பப் போய் வர அரை நாள்.
நாளை விடிந்தால் சடையாண்டி வயலில் உழவு,
அட்வான்ஸ் வாங்கிச் செலவும் செய்தாயிற்று.

பீரோவில் தவணை முடிந்த பைல் இருந்தது.
காகிதங்களை உருவிவிட்டு
அதன் அட்டையை மூடிமேல் வைத்து
உருண்டைச் சுத்தியலால் விளிம்போடு தட்டினேன்.
தட்டத் தட்ட
இரும்பே தன் அளவுக்கு அறுத்துக்கொண்டது.

பிறகு போன் போட்டேன்.
வணக்கம்கூடச் சொல்லவில்லை,
"என்ன தாயீ, ஒழுகுதா?" என்றார்.

"ஒழுகல.
அட்டைக்கு செல்லாக் ஒரு பக்கம் தடவணுமா,
ரெண்டு பக்கமுமா?"

கொஞ்ச நேரம்
அவர் வீட்டுக் கோழி மட்டும் பேசியது.

"ரெண்டு பக்கமும்" என்றார்.
"காய விட்டு மாட்டு."